மரத்தின் ஹரீம்: வடசேரிப் புறவாசல் ஒன்றின் நிழலும் நீரும்

பேரீச்ச மரம் ஒன்றைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி இருவர் வழக்காடிக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தனர். அந்த இடத்தை அளந்து பார்க்குமாறு அண்ணலார் பணித்தார்கள். அளவு ஏழு முழம் என்று ஓர் அறிவிப்பும், ஐந்து முழம் என்று மற்றோர் அறிவிப்பும் கூறுகின்றன. அளக்கும் கோலாக அந்த மரத்தின் மட்டை ஒன்றையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்ற செய்தியும் உண்டு. அந்த அளவின்படியே தீர்ப்பு வழங்கப்பட்டது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அபூதாவூத் (ரஹ்) தம் சுனன் நூலின் தீர்ப்புகள் பற்றிய பகுதியில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

மிகச் சிறிய நிகழ்ச்சி. வழக்காடியவர் யார், வென்றவர் யார் என்பதெல்லாம் நூலில் இல்லை. ஆயினும் மரத்தின் எல்லையை மரத்தின் மட்டையே தீர்மானிக்கிறது என்ற செய்தியில் ஆழ்ந்த பொருள் இருப்பதாக நமக்குப் படுகிறது. மரம் என்றால் அடிமரம் மட்டுமன்று. அதன் கிளை எட்டும் தூரம்வரையுள்ள மண்ணும் மரமே. இந்த மண்ணுக்கு ஃபிக்ஹு நூல்கள் இட்ட பெயர் 'ஹரீம்'. ஹரம், ஹராம், இஹ்ராம் என்று நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்த சொல். பிறர் கை படாமல் காக்கப்பட வேண்டிய இடம் என்பது இதன் பொருள்.

கிணற்றுக்கு ஹரீம் உண்டு, ஊற்றுக்கும் ஆற்றுக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. உதுமானியப் பேரரசு ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டக்கோவை, தரிசு நிலத்தில் அனுமதி பெற்று நட்ட மரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து முழம் ஹரீம் என்கிறது. அந்த எல்லைக்குள் இன்னொருவர் மரம் நடலாகாது. ஷாஃபிஈ மத்ஹபின் போக்கு வேறு. ஹரீமுக்கு எண்ணால் வரம்பு கட்டாமல் வழக்கத்துக்கும் தேவைக்கும் விட்டுவிடுவது அதன் இயல்பு. ஐந்து முழம் பேரீச்சைக்குப் போதும், மாமரத்துக்குப் போதுமா என்று கேட்பவருக்கு இந்த இரண்டாவது போக்கே விடை தரும்.

நிழலுக்கும் தனி மதிப்பு இருந்தது. மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் தங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று நபிகள் (ஸல்) எச்சரித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். இலந்தை மரத்தை வெட்டுவோரைக் கண்டிக்கும் நபிமொழிக்கு இமாம் அபூதாவூத் தரும் விளக்கமும் நினைவுகூரத் தக்கது. வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் வெட்டவெளி மரத்தை நியாயமின்றி வெட்டியவரையே அது குறிக்கிறது என்கிறார்கள். அங்கே கனியைப் பற்றிய பேச்சில்லை, நிழலே காரணம்.

இவற்றையெல்லாம் தேடிப் படிக்க நேர்ந்தது அறிவு வேட்கையால் மட்டுமன்று. வடசேரியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நிற்கும் செங்கவருக்கை மா 2017ஆம் ஆண்டுக் கோடையில் கருகத் தொடங்கியது. பாட்டனார் நட்ட மரம். வயது எழுபதுக்குக் குறையாது. 1990களின் தொடக்கத்தில் குடும்பச் சொத்து பாகம் பிரிந்தபோது அடிமரம் எங்கள் பங்கிலும், மேற்குக் கிளைகள் கவிந்த மண் சாச்சா மகனின் பங்கிலும் அமைந்தன. அன்று பத்திரம் எழுதியவர்கள் சுவரையும் கிணற்றையும் வழியையும் எழுதினார்கள். மரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

நாஞ்சில் நாட்டு நீரின் நாட்காட்டியை அறியாமல் இந்த மரத்தின் கதை விளங்காது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் பேறு பெற்றது குமரி மாவட்டம். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக நெல் அதன் பயன். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை இந்த இயற்கை ஒழுங்கின்மேல் இன்னோர் ஒழுங்கை ஏற்றியது. அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினை மக்கள் 'மூக்கன் துரை' என்று அழைத்தனர். அவர் அடக்கமாகியிருப்பதும் அந்த அணைப்பகுதியிலேதான். ஜூன் முதல் நாளில் அணையைத் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பது வழக்கம். அனந்தனாறு, தோவாளைக் கால்வாய், நாஞ்சில் நாடு புத்தனாறு ஆகிய கால்வாய்கள் அந்த ஒன்பது மாதமும் வயல்களுக்கு மட்டும் நீர் தரவில்லை. கரை கசிந்து மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளையும் நிரப்பின.

ஆகவே மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களே இவ்வூர் மரங்களுக்குச் சோதனைக் காலம். கும்பப்பூ அறுவடை முடிந்து கால்வாய் வறளும். கிணற்று நீர் கீழே போகும். கோடை மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இந்த மூன்று மாதங்களை எங்கள் மா எழுபது ஆண்டுகள் எப்படிக் கடந்தது?

யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதாக நினைவில்லை. வாப்பாவிடம் கேட்டபோதும் அதே விடைதான் கிடைத்தது. வளர்ந்த மரத்துக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று சிரித்தார்கள். ஆனால் பழைய புறவாசலின் அமைப்பை மனக்கண்ணில் கொண்டுவந்து பார்த்தால் உண்மை வேறாகத் தெரிகிறது. கிணற்றடியின் சாய்வு மாவை நோக்கியிருந்தது. துவைகல்லின் ஓடை அங்கேதான் போயிற்று. அரிசி கழுவிய நீர், மீன் அலசிய நீர், பாத்திரம் விளக்கிய நீர் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே கடைசி இடம். கிண்டியில் நீர் மொண்டு ஒளு எடுக்கும் கல்லும் மரத்தின் கிளை விளிம்பில்தான் கிடந்தது.

ஒளு செய்து வடிந்த நீரை 'முஸ்தஃமல்' என்பார்கள். அது தூய்மையானதே, ஆனால் மீண்டும் ஒளுவுக்குப் பயன்படாது. மார்க்கக் கடமைக்கு ஒருமுறை உழைத்துவிட்ட நீர் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை நூல்கள் விதிக்கவில்லை. வீட்டின் அமைப்பு விதித்தது. நபிகள் (ஸல்) ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அது இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. நம்மவர் அத்தனை சிக்கனமானவர் அல்லர். ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் என்றே கொள்வோம். பத்துப் பேர் வாழ்ந்த வீட்டில் ஐவேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 லிட்டர் ஆகிறது. துவைகல்லும் அடுக்களையும் சேர்ந்தால் அதைப்போல் பல மடங்கு. கால்வாய் அடைத்த மூன்று மாதமும் இந்த நீர் மட்டும் நிற்கவில்லை. சாலையோரம் மரம் நட்ட ஷேர்ஷாவையும் இராணி மங்கம்மாளையும் வரலாறு புகழ்கிறது. புறவாசல் மரங்களை வளர்த்த கழிநீரைப் பற்றி எழுதுவார் இல்லை.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். குழாய் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, குளியலறையும் ஒளு எடுக்கும் இடமும் வீட்டுக்குள் போயின. வடிநீர் குழாய்வழி செப்டிக் டேங்குக்கும் சாக்கடைக்கும் சென்றது. சேறில்லாத புறவாசல் வேண்டும் என்று பெண்கள் விரும்பினர். அந்த விருப்பம் நியாயமானதே. கூட்டுவதும் வழுக்கி விழுவதும் அவர்கள்தாமே. எங்கள் பக்கம் அடிமரத்தைச் சுற்றி இரண்டு முழம் விட்டுச் சிமெண்டு போட்டோம். சாச்சா மகன் தம் பக்கம் சுவர்வரை போட்டார். பேரீச்சைக்குக் கிடைத்த ஐந்து முழமும் எங்கள் மாவுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியும் மரம் பல ஆண்டுகள் தாங்கிற்று. மரத்தின் பொறுமையை மனிதர் நலம் என்று பிழையாகப் படித்துவிடுகிறோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் மாவிலைகளின் நுனி தீய்ந்தது. புதுத் தளிர் சிறுத்தது. மேற்குக் கிளைகளின் உச்சி காய்ந்து, காய்ச்சல் கீழ்நோக்கி இறங்கியது. மழை வந்ததும் தேறிவிடும் என்றிருந்தோம். மழைக்குப் பின்னே வந்தது ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30ஆம் நாள் குமரி மாவட்டத்தில் சாய்ந்த மரங்களைக் கண்டவர் அந்தக் காட்சியை மறக்க முடியாது. எங்கள் மா சாயவில்லை. ஆனால் அதற்கு மேற்கே நின்ற பலாவும் இரண்டு தென்னைகளும் வீழ்ந்தன. அதுவரை அவற்றின் மறைவில் இருந்த அடிமரம் பிற்பகல் வெயிலுக்கு நேராக நின்றது. அடுத்த கோடையில் மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்தது. வெடிப்பில் தண்டுத் துளைப்பான் புகுந்து, அடியில் மரத்தூள் கொட்டத் தொடங்கியது. நிழல் தரும் மரத்துக்கும் நிழல் வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

நாம் முதலில் செய்தவை அனைத்தும் தவறு. மாலைதோறும் குழாயை அடிமரத்தில் வைத்து நீர் விட்டோம். உறிஞ்சும் நுண்வேர்கள் அங்கே இல்லை. அவை கிளை விளிம்பின் கீழும் அதற்கு அப்பாலும், பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டு அடிக்குள் பரவிக் கிடப்பவை. அங்கேயோ சிமெண்டு. தூரில் தேங்கிய நீரால் பட்டை இளகியதுதான் கண்ட பலன். அடுத்து, தூரைச் சுற்றி மண்ணை அணைத்துக் குவித்தோம். அதுவும் பட்டையை மூச்சடைக்கச் செய்தது. காய்ந்த கிளைகளைக் கோடையிலேயே வெட்டியபோது பச்சைக் கிளைகள் சிலவும் போயின. இன்னும் கொஞ்சம் வெயில் உள்ளே நுழைந்தது. யூரியா வைக்கச் சொன்னவர்களும் இருந்தனர். அதை மட்டும் செய்யவில்லை. வேரில் நீரில்லாத மரத்தை இளந்தளிர் விடச் சொல்லித் தூண்டுவது, நோன்பாளியை வெயிலில் ஓடச் சொல்வது போன்றது.

அந்நாட்களில்தான் அந்தலூஸின் வேளாண் நூல்களைப் பற்றிப் படித்தோம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' அவற்றுள் பெரியது. ஏறத்தாழ 585 செடி கொடி மரங்களைப் பற்றிப் பேசுவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கனிமரங்களின் வளர்ப்பை விரிப்பது. 1802இல் ஸ்பானிய மொழியிலும் 1860களில் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டது. இளமரத்தின் அருகே நீர் நிரப்பிய மட்பாண்டங்கள் இரண்டைப் புதைத்து, துளைவழியாக நீரை மெல்லக் கசியவிடும் முறை அதில் சொல்லப்படுகிறது. நம் வறண்ட மாவட்டங்களில் கன்றுக்கு அருகே ஓட்டைப் பானை புதைப்பவர் எவரும் இப்னுல் அவ்வாமைப் படித்தவர் அல்லர். வெயில் ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்றாக இருக்கிறது.

குர்துபாப் பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் மரம் நட்ட செய்தி இன்னும் சுவையானது. இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்களின் மத்ஹபைப் பின்பற்றிய ஸஃஸஆ இப்னு ஸல்லாம் என்னும் சிரிய அறிஞர் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு இசைவளித்தார். மாலிக்கி அறிஞர்களுக்கு அது உவப்பாக இல்லை. தொழுமிடத்தில் மரம் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. கருத்து வேற்றுமை நூல்களில் நின்றது. மரமும் முற்றத்தில் நின்றது. குர்துபாவிலும், இப்னுல் அவ்வாமின் காலத்திலேயே எழுந்த செவில் பள்ளிவாசலின் முற்றத்திலும் இன்று நிற்பவை ஆரஞ்சு மரங்கள். பள்ளிகள் தேவாலயங்களாகிவிட்டன, நட்ட மரங்கள் பலமுறை மாறிவிட்டன. ஆயினும் தளக்கல்லின் ஊடே ஒரு மரக்குழியிலிருந்து அடுத்த மரக்குழிக்குச் செல்லும் ஓடைகளை அங்கே காணலாம். தளம் போட்டவர்கள் நீருக்கும் வழி விட்டிருந்தார்கள். எங்கள் புறவாசலில் கொத்தனாரும் நாமும் மறந்தது அந்த ஓடையைத்தான்.

2018இன் கோடை முடியுமுன் எங்கள் பக்கத்துச் சிமெண்டை உடைத்தோம். அடிமரத்திலிருந்து கிளை விளிம்பு 12 முழம். அந்த விளிம்பை ஒட்டி, பெரிய வேர்களை வெட்டாமல், ஓரடி ஆழத்துக்கு அரைவட்டத் தடம் எடுத்தோம். அதன் அடியில் தேங்காய்க் கதம்பையை உள்பக்கம் மேல்நோக்க அடுக்கி மண் மூடினோம். கதம்பை நீரைக் குடித்து வைத்து மெல்ல விடும். தென்னை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த வித்தை. ஒளு நீரையும் குளியல் நீரையும் தனிக் குழாயில் பிரித்துத் தடத்துக்கு விட்டோம். துணி துவைக்கும் இயந்திரத்தின் நீரை மட்டும் சேர்க்கவில்லை. சீயக்காய்க் காலத்துத் துவைகல் நீர் வேறு; இன்றைய சலவைத் தூளின் உப்பு வேறு. மழையற்ற வாரங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை, இரவில், தடம் நிறைந்து வற்றுமளவு நீர் விட்டோம். நாள்தோறும் நனைப்பதைவிட எப்போதாவது ஆழமாக நனைப்பதே வேரைக் கீழே இழுக்கும். உதிர்ந்த மாவிலைகளை எரிக்காமல் அரையடி கனத்துக்குப் பரப்பி, தூரை மட்டும் ஒரு முழம் திறந்து வைத்தோம். அடிமரத்தின் மேற்குப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு பூசினோம். பருவமழை ஓய்ந்தபின் பட்ட கிளைகளை உயிருள்ள இடம்வரை நீக்கி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினோம்.

2019இன் கோடையில் கிழக்குப் பாதி தழைத்தது. மேற்குப் பாதி தேறவில்லை. அங்கே வேர் இருந்தது சாச்சா மகனின் சிமெண்டுக்கு அடியில்.

அவரிடம் பேசச் சென்றபோது அபூதாவூதின் நபிமொழியைக் கையில் எடுத்துச் சென்றோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது ஒரே கேள்வி. "காக்கா, நிழல் உங்களுக்கு, சருகு எங்களுக்கா?" பிற்பகலில் நிழல் எங்கள் முற்றத்தில் விழுந்தது, காற்றடித்தால் இலை அவர் ஓடையை அடைத்தது. வேர் அவர் சுவரில் கீறல் விட்டிருந்தது. மரத்தை எடுத்துவிட்டால் என்ன என்பதே அவர் எண்ணம்.

நூல்களுக்குத் திரும்பினோம். அங்கே நமக்குச் சாதகமில்லாத செய்தியும் இருந்தது. ஹரீம் என்பது தரிசைத் திருத்தியவருக்குக் கிடைக்கும் உரிமை. நாற்புறமும் பிறர் உடைமை சூழ்ந்த வீட்டுக்கு ஹரீம் இல்லை. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் வழக்கப்படி புழங்கலாம் என்பது ஷாஃபிஈ நூல்களின் கூற்று. ஆக, அவர் நிலத்தில் நம் மரத்துக்குச் சட்டப்படி ஒரு முழமும் கோர முடியாது. மஜல்லாவின் 1196ஆம் விதி இரு பக்கமும் பேசுகிறது. பக்கத்து வீட்டுக்குள் நீளும் கிளைகளைக் கட்டி இழுக்கவோ வெட்டவோ அண்டை வீட்டார் கோரலாம். ஆனால் மரத்தின் நிழலால் தம் பயிருக்குக் கேடு என்று சொல்லி மரத்தையே வெட்டச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. கிளை அவர் கையில், மரம் நம் கையில். எஞ்சியது ஸுல்ஹு, அதாவது இணக்கம் ஒன்றே.

இணக்கம் வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. அவர் சுவர்மேல் சாய்ந்த கிளையை நாமே ஆள் வைத்து இறக்கினோம். கீறிய சுவரைச் செப்பனிடும் செலவில் பாதியை ஏற்றோம். அவர் சுவரோரமாக நான்கு முழ அகலத்துக்குச் சிமெண்டைப் பெயர்க்க ஒப்பினார். அவர் வீட்டு ஒளு நீரும் இப்போது அங்கேதான் விழுகிறது. மேற்கே பட்டுப்போன பெருங்கிளை பட்டதுதான். அதன் அடியிலிருந்து இரண்டு தளிர்கள் மட்டும் கிளைத்து உயர்ந்திருக்கின்றன. காய்ப்பு முன்போல் இல்லை. உள்ளதில் பாதி அவர் வீட்டுக்குப் போகிறது. வாரம் இருமுறை அவர் பக்கத்துச் சருகைக் கூட்டி அள்ளி வந்து தடத்தில் போடுவது, ஒப்பந்தப்படி, இன்றுவரை நம் பொறுப்பு.